கேசிமிர் போட்ட இரண்டு ஓட்டு

வாஷிங்டன்
ஜனவரி 9, 2007

அன்புள்ள வான்டா அக்காவுக்கு,

நவம்பர் மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாக ஏறி எனக்கு ஓட்டுக் கேட்டாய். இன்று நான் பிரதிநிதிகள் அவையில் உட்கார்ந்திருக்கிறேன், பெரும்பான்மையும் எங்களுக்குத்தான்! வந்ததும் வராததுமாக ஒரு விதி போட்டோம்: எந்தப் புதுச் செலவானாலும் பணம் எங்கிருந்து வரும் என்று காட்டியாக வேண்டும். இனி கடன் வாங்கி ஊதாரித்தனம் செய்ய முடியாது.

பட்டாளத்தில் இருக்கும் உன் பிள்ளை டேரிலை நினைத்துக் கலங்காதே. ஈராக்கிலிருந்து பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவரத்தானே ஊர் என்னை அனுப்பியது.

உன் தம்பி
கேசிமிர்

ஒகையோ
மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

தவக்கால வெள்ளிக்கிழமை, மாதா கோயில் மீன் விருந்தில் உன் கடிதத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். உன்னிடம் தோற்றானே லெஸ்டர், அவன் சும்மா இருப்பானா? "ஏன் வான்டா, பள்ளிக்கூடத்துக்குச் செலவுன்னா கணக்குக் கேக்கறாங்க, சண்டைக்குன்னா கேப்பாங்களா?" என்றான். நீயே சொல், கேட்பீர்களா?

கோடையில் டேரில் வந்துவிடுவான். அவன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

வான்டா

வாஷிங்டன்
ஏப்ரல் 15

அக்கா,

டேரிலை இன்னும் மூன்று மாதம் அங்கேயே நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

லெஸ்டர் கேட்டது நியாயம்தான். சண்டைக்கு 'அவசரச் செலவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; எங்கள் விதி அதைத் தொடாது. ஐந்தாம் வருஷமாக ஓர் அவசரம்! ஆனால் படை திரும்ப நாள் குறித்தால்தான் பணம் என்று அவையில் நிறைவேற்றியிருக்கிறோம். அதிபர் மறுப்பார். நாங்கள் விடமாட்டோம்.

கேசிமிர்

ஒகையோ
மே 27

கேசிமிர்,

அதிபர் மறுத்ததும், நாள் குறிக்காமலே சண்டைக்குப் பணம் கொடுத்துவிட்டார்களாமே. நீ 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டதைப் பேப்பரில் படித்து, என் தம்பியடா என்று அழுதேன். சாயங்காலம் லெஸ்டர் வந்தான். அதற்கு முன்னால் இன்னொரு ஓட்டு நடந்ததாம், மசோதாவை அவைக்குக் கொண்டுவரலாமா என்று. அதில் நீ 'சரி' என்றாயாம். அது தோற்றிருந்தால் அன்றைக்குப் பணமே வந்திருக்காதாம். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்று 'உள்ளே வராதே' என்றாயா? எனக்கு நேராகச் சொல்.

வான்டா

வாஷிங்டன்
ஜூன் 3

அக்கா,

உண்மைதான். "படைக்குப் பணத்தை நிறுத்துன பழி நமக்கு வேண்டாம்; முதல் ஓட்டுல எங்ககூட நில்லு, ரெண்டாவதை உன் மனசுப்படி போட்டுக்கோ" என்றார்கள் கட்சியில். புதியவன், எதிர்த்து நிற்கத் தைரியம் வரவில்லை. பணம் நின்றால் டேரிலுக்குக் கவசம் வராமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கேசிமிர்

ஒகையோ
ஜூன் 17

தம்பி,

திட்டத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. கவசம் வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்?

இன்று டேரில் போன் செய்தான். எடுத்ததுமே, "அம்மா, மாமா எப்படி ஓட்டுப் போட்டார்?" என்றான்.

"வேண்டாம்னுதான்டா போட்டார்."

"அதானே! நம்ம மாமாவாச்சே! இங்க எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன் பாரு!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! முதல் ஓட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ அங்கே செய்ததை நான் இங்கே செய்துவிட்டேன், கேசிமிர்.

டேரில் வந்ததும் நாம் இரண்டு பேருமாக அவனிடம் சொல்லிவிடுவோம். கோபித்துக்கொண்டு கத்தட்டும், மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லட்டும். வந்து சொல்லட்டும்.

உன் அக்கா
வான்டா