டீக்கடை வாசலில் பல்மைரா

ஜனவரி 28, செவ்வாய்
இன்றும் பல்மைரா வீடியோதான். சிரியாவில், பாலைவன ஓரத்தில் இருந்த பழைய வணிக ஊர். பட்டு நெய்யவில்லை, மிளகு விளையவில்லை. ஆனாலும் செம பணக்கார ஊர்! எப்படி? ஊற்றுத் தண்ணீர், நிழல், காவல். பாலைவனத்தைக் கடக்கிற ஒட்டகக் கூட்டம் அங்கே நின்றே ஆகவேண்டும். நின்றால் வரி! என்ன மூளை!
அம்மாவிடம் சொன்னேன். “மொதல்ல அரிசியக் களஞ்சு வை.”

ஜனவரி 30, வியாழன்
அத்தா டீக்கடையை மூடிவிட்டு மறுபடி குவைத் போகிறாராம். ஏஜென்டிடம் பேசியாயிற்று. “இந்த சீசன் பாப்பேன். ஓடலன்னா ஏறிடுவேன்.”
போவாதீங்கன்னு இந்த நோட்டுலதான் எழுதுறேன்.

ஜனவரி 31, வெள்ளி
அல்லாஹ்வே, கண் முன்னாடியே இருக்கிறது! கடைக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம். விவசாயிகள் நெல்லைக் கொட்டிவிட்டு, எடை போடத் தங்கள் முறை வரும்வரை நாள்கணக்கில் குவியலுக்குக் காவல் கிடக்கிறார்கள். டிராக்டர்தான் ஒட்டகம். நம்ம கடைதான் பல்மைரா!

பிப்ரவரி 3, திங்கள்
கீற்றுப் பந்தல், பானைத் தண்ணீர், போன் சார்ஜ் போட நீளமான பிளக் போர்டு. கூட்டமோ கூட்டம். நெல்லோடு காத்துக்கிடக்கும் துரைராசு அண்ணன், “பாய், ஒங்க பொண்ணு கலெக்டராத்தான் வரும்” என்றார். அத்தா சிரித்தார்! பல் தெரிய!

பிப்ரவரி 4, செவ்வாய்
பல்மைராவில் வரி விகிதங்களைக் கல்லில் வெட்டி, எல்லோரும் பார்க்க நட்டிருந்தார்கள். எனக்கும் வேண்டாமா? ஃபிளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டிவிட்டேன்: ‘சுங்கத் தீர்வை. டிராக்டர் நெல்லுக்கு இவ்வளவு, மினி லாரி நெல்லுக்கு இவ்வளவு.’ கீழே பொடி எழுத்தில், ‘வண்டியோடு வந்த அனைவருக்கும் டீ, வடை.’ என்ன கம்பீரம்!

பிப்ரவரி 5, புதன்
செத்தேன்.
பொடி எழுத்த ஒருத்தரும் படிக்கல. நெல்லு போடவே புதுசா வரி போட்டுட்டாங்கன்னு ரோட்டுல ஒக்காந்துட்டாங்க. மறியல்! ரெண்டு பக்கமும் பஸ்ஸு நிக்குது. துரைராசு அண்ணன் கத்துறாரு, “ஈரம்னு திருப்புனீங்க, பொறுத்தோம். இப்ப சுங்கமா?”
அதிகாரி வந்து போர்டப் பாத்தாரு. “யாரு கட்டுனது?”
அத்தா என் பக்கம் திரும்பவே இல்ல. “நாந்தாங்க. டீ வெலைங்க.”
ரோடே சிரிச்சுது. ஆனா யாரும் எந்திரிக்கல. “வந்ததுதான் வந்தீங்க, எங்க நெல்ல எப்ப எடுப்பீங்க? அதச் சொல்லுங்க சார்.”

பிப்ரவரி 7, வெள்ளி
கூடுதலாக ஒரு எடை மெஷின், மூட்டை தூக்க ஆட்கள். நெல் மொத்தமும் போய்விட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பெஞ்சு காலி. வடை நாங்களே தின்றோம்.
வணிகப் பாதை மாறியதும் பல்மைராவும் தேய்ந்தது. வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஏன் தள்ளிவிட்டுப் பார்த்தேன்?

பிப்ரவரி 8, சனி
அத்தா திடீரென்று கேட்டார். “அந்த ஊரு யாவாரிங்க கடைய வச்சிக்கிட்டு சும்மாவா குந்தியிருந்தாங்க?”
“இல்ல அத்தா. அவங்களே ஒட்டகக் கூட்டம் சேத்து, பாலைவனத்தத் தாண்டி, கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க.”
“இத மொதல்ல சொல்ல மாட்டியா புள்ள?”

பிப்ரவரி 10, திங்கள்
கீழ்வேளூர் பக்கம் நெல் மலையாகக் கிடக்கிறதாம். துரைராசு அண்ணன் தகவல். விடிந்ததும் அத்தா மொபெட்டில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.
மத்தியானம் அத்தாவிடமிருந்து போன். “ஏஜென்ட் கூப்புட்டான்.”
போனக் காதோட அழுத்திக்கிட்டேன்.
“கை வேலையா இருக்கேன், அப்பறம் பாப்போம்னு வச்சிட்டேன். இன்னொரு கேன் போட்டு பஸ்ல ஏத்திவிடு. சக்கர தூக்கலா இருக்கட்டும், இந்த ஊருக்காரனுவ அப்புடித்தான் குடிக்கிறானுவ.”
அம்மா இஞ்சி தட்டுகிறார். பால் பொங்குகிறது, போகிறேன்.