அவளே சொல்லட்டும்

அன்புள்ள மார்லிஸ்,

நான் நலம். இங்கே பனி தொடங்கிவிட்டது. என் கம்பளிக் கையுறையை அனுப்பு.

பள்ளியில் படித்துக்கொண்டே எங்கள் கல்லூரியில் வேதியியல் படிக்கும் கெய்லினின் அம்மா, நேற்று மகளின் மதிப்பெண்ணைக் கேட்டு என்னிடம் வந்தார். பதினாறு வயதுதான் என்றாலும், மாணவி சம்மதிக்காமல் பெற்றோரிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது கல்லூரி விதி.

“தின்ன தட்டைக் கழுவமாட்டா. அவகிட்ட நான் சம்மதம் வாங்கணுமா சார்?”

கெய்லின் தோற்கும் நிலையில் இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பாடத்தை விட்டு விலகாவிட்டால் அந்தத் தோல்வி கல்லூரிப் பதிவில் நிலைத்துவிடும்.

“அவளையே கேளுங்க. திட்டாம கேளுங்க. பாடத்தை விட்டு விலக வெள்ளிதான் எல்லாருக்கும் கடைசி நாள்,” என்றேன்.

இன்று இருவருமாக வந்து விலகல் மனு கொடுத்தார்கள்.

உன் இதயப் பரிசோதனை முடிவைக் கேட்டால் மருத்துவமனையிலும் இதே விதியைச் சொல்கிறார்கள். போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய். எழுதியாவது சொல். நான் திட்டமாட்டேன்.

மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

உன்
ரஸ்ஸல்