வெற்று மணிகள்

மார்ச் 4, செவ்வாய்

தட்டில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். குடுவையிலிருந்து கரைசலை ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் விலகி எட்டு மில்லிமீட்டர் வட்டம். கடற்பாசிக் கூழ்மணிகளுக்குள் நான் அடைத்து வைத்த பாக்டீரியாக்கள் சோப்பு மாதிரி ஒன்றைச் சுரக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். இதே மணிகளுக்கு இது நான்காம் சுற்று. "உன் பூச்சிங்க லீவே எடுக்காது போல" என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். நாள் முழுக்க அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பிட, பாக்டீரியா இல்லாத வெற்று மணிகளையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் வெள்ளி கூட்டம். எனக்கு வேலை நீடிக்குமா என்பதும் அன்றைக்குத்தான்.

மார்ச் 7, வெள்ளி

வெற்று மணிக்கும் எட்டு. எப்படி?

மார்ச் 8, சனி

மணியே போடாத வெறும் கரைசலுக்கும் ஏழரை. குடுவைகளை மாற்றி வைத்துவிட்டேனா? சீட்டு சரியாகத்தான் இருக்கிறது. நுண்ணோக்கியில் பாக்டீரியா ஒன்றையும் காணோம். யாரிடம் கேட்பது? இதுகூடத் தெரியாதா என்பார்களே.

அம்மாவிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். "கழுவினது யாரு?" என்றாள். நான்தான் என்றேன். "அப்ப சுத்தமாத்தான் இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மார்ச் 10, திங்கள்

குடுவை கழுவ இங்கே ஆள் உண்டு. நீராவி இயந்திரமும் அவர் பொறுப்பு என்பதால் எல்லாருக்கும் ஆவியக்கா. நான் மட்டும் அவரிடம் கொடுப்பதில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் அம்மா. அவள் வயதுக்காரரிடம் அழுக்குக் குடுவையை நீட்ட மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானே கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இன்று கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"என்னம்மா, என் பொழப்புக்கு வேட்டு வைக்கிறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சோப்பா போடுற? இந்த லேபுக்கு நான் சோப்பே தொடமாட்டேனே. அமிலத்துல ஊறவெச்சு, வெறும் தண்ணியில பத்து தரம் அலசணும்மா."

மூன்று மாதமாக நான் அளந்தது பாத்திரம் தேய்க்கும் எலுமிச்சை சோப்பையா? அப்போ என் பாக்டீரியா ஒண்ணுமே செய்யலையா? இல்ல, கொஞ்சமாவது... எது அதோடது, எது சோப்போடது? சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு குடுவைகளை ஆவியக்காவிடம் கொடுத்தேன். எங்கம்மாவும் இதே வேலை— என்று இழுத்தேன்.

"தெரியும்மா. நீ கவுத்து வைக்கிற அழகுலயே தெரிஞ்சுது."

அவர் கழுவித் தந்த குடுவைகளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

வெற்று மணி: வட்டமே இல்லை. பாக்டீரியா மணி: இரண்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன். இரண்டுதான்.

கூட்டத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மேடம் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு பழைய பக்கங்களையெல்லாம் குறுக்கே அடிக்கச் சொன்னார்.

"ரெண்டு நிஜமா இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நல்லதா கெட்டதா?

மார்ச் 17, திங்கள்

மேஜையில் புது ஆய்வு நோட்டு இருந்தது. அட்டையில் மேடம் கையெழுத்தில் என் பெயர்.

கோடு போட்டேன். தேதி, சுற்று, வட்டத்தின் அளவு. கடைசியாக இன்னொரு பத்தி: குடுவை கழுவியவர். அதில் ஆவியக்கா என்று எழுத முடியாதே. எழுந்து போய் அவர் பெயரைக் கேட்டேன்.