சம்பந்திகள் செய்த ஸ்டாண்டு

சம்பந்தியம்மா,

இன்று காலை நம் சின்னவள் லூசி சாயத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். ஸ்டாண்டின் பலகை நனைந்ததும் விறாந்தை முழுக்கத் தேயிலை வாசம். இத்தனை வருசம் வெயிலும் தண்ணீரும் பட்டும் அந்தப் பெட்டிப் பலகை தன் குணத்தை விடவில்லை. துடைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்தேன். "அம்மாச்சிக்கு என்னமோ ஆயிருச்சு" என்று லூசி உள்ளே ஓடினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களோடு பேச வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து இது. கோணல் மாணலாக இருந்தாலும் நீங்கள் வாசித்துவிடுவீர்கள்.

இந்த ஸ்டாண்டு செய்வதற்கு முன் பெரியவள் ரோசு தரையில் குப்புறப் படுத்துத்தான் படம் வரைவாள். மேலே மரமும் கீழே வாவியும் வரைந்தால், வாவித் தண்ணீர் பாதி அவள் சட்டையில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படம் படிப்பித்த வெள்ளைக்கார மிஸ், சனிக்கிழமைகளில் வாவிக்கரையில் வகுப்பு வைக்கப்போவதாகச் சொன்னார். படத்தை நிமிர்த்தி வைத்து வரைகிற ஸ்டாண்டு யாரிடம் சொந்தமாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கே இடம். வருகிற சனிக்கிழமை வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. உங்கள் மகன், என் மருமகன், "அடுத்த வருசம் பாப்பம்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். ரோசு அழவில்லை. தூரிகையைக் கழுவி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். ஒரு சின்னப் பிள்ளை அப்படிச் செய்தால் யாரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியும்?

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மகனோடு இருக்க வந்து கொஞ்ச நாள்தான். நான் பேத்திகளைப் பார்க்க வரும்போது "சுகமா?" "சுகம்" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். கலியாணத்துக்கு நீங்கள் கொண்டுவந்த பெரிய கட்டிலைப் பார்த்து, "இது வாசல்ல நுழையுமா?" என்று நான் கேட்டது உங்கள் மனதில் கிடந்தது. ரோசு தூரிகையை எடுத்து வைத்த அன்று, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நீங்களாக வந்தீர்கள்.

"சம்மந்தியம்மா, ஒரு வாள் எடுக்கேலுமோ?"

"யாரை அறுக்க?"

"உங்களை இல்லை, பயப்பிடாதேங்கோ. கட்டிலைத்தான். நுளம்பு கடியாமல் வலை கட்டுற கம்பு நாலும் நல்ல முதிரை மரம். வலை கிழிஞ்சு போச்சு, கம்பு சும்மா நிக்குது."

அந்த நிமிசத்திலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூலைக் கடைக்காரரிடம் கெஞ்சித் தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதன் தகர விளிம்பைப் பிரித்து, வளைந்த ஆணிகளை அம்மியில் வைத்துத் தட்டி நிமிர்த்தினீர்கள். அதே அம்மியில் அரைத்த அன்றைய சம்பலில் துரு வாசம் அடித்தது. மருமகன் பேப்பரைப் பார்த்தபடியே சாப்பிட்டார். ரோசுவைச் சுவரோடு நிறுத்தி, கை சுகமாக எட்டுகிற உயரத்தில் கரியால் கோடு போட்டோம்.

நான்கு கம்பையும் ஒரே அளவாக அறுத்து நான்கு கால்களாகப் பூட்டினீர்கள். முற்றத்தில் வைத்தால் ஆட்டம் என்றால் ஆட்டம்.

"என்ன ஊர் இது? நிலம் ஒரு இடத்திலையும் நேரா இராதோ?"

"இது மலை சம்பந்தியம்மா. உங்க ஊரு மாதிரி பாய் விரிச்ச தரை இல்லை. மேட்டுப் பக்கத்துக் கால் ரெண்டையும் குட்டையாக்குங்க."

நான்தான் அறுத்தேன். அச்சடித்த மாதிரி நின்றது. நாம் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. ஓடிப்போய்த் தூக்கி விறாந்தையில் வைத்தோம். அது வணக்கம் சொல்வது போல் மூக்குப்பட விழுந்தது. நம் முற்றத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் நிற்கிற ஸ்டாண்டைச் செய்து வைத்திருந்தோம். வாவிக்கரைச் சரிவு எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ரோசு பலகையை எடுத்துச் சாத்திவிட்டு, "பரவாயில்ல அம்மாச்சி, பரவாயில்ல அப்பம்மா" என்றாள். அவள் ஒரு மூச்சு அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குசினியில் போய் உட்கார்ந்தோம். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் பானையையே பார்த்தபடி இருந்தீர்கள்.

"இந்தக் குசினித் தரையும் மேடும் பள்ளமும்தானே. பானை மட்டும் ஏன் ஆடேல்லை?"

"அது எப்படி ஆடும்? மூணு கல்லு மேலதானே இருக்கு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அன்று சோறு அடிப்பிடித்தது. விளக்கு வைக்கும் முன்னே எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். நீளக் கால் இரண்டும் முன்னுக்கு, குட்டைக் கால் ஒன்று பின்னுக்கு. மற்றக் குட்டைக் கால் பலகை உட்காரும் குறுக்குச் சட்டம். பின்கால் வழுக்கிப் போகாமல் ஒரு கயிறு. மழை விட்டதும் முற்றத்தில் வைத்தோம், நின்றது. படிக்கட்டில் வைத்தோம், நின்றது. விறகுக் குவியல் மேலும் நீங்கள் வைத்துப் பார்த்தீர்கள், அங்கேயும் நின்றது. ரோசு அலுமாரிக்கு மேலிருந்து தூரிகையை எடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தோம். றிக்சாக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அங்கே போனால், மற்றப் பிள்ளைகள் கடையில் வாங்கி வந்த ஸ்டாண்டுகளுக்கும் மூன்றே கால்.

நீங்கள் என் காதோடு சொன்னீர்கள்: "பாத்தீங்களோ. வெள்ளைக்காரனும் எங்கட அடுப்பைப் பாத்துத்தான் செய்திருக்கிறான்."

சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்தேன். மிஸ் வந்து கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஏதோ இங்கிலீசில் கேட்டார்.

ரோசு திரும்பி, "யாரு செஞ்சதுன்னு கேக்குறாங்க" என்றாள்.

நான் என் இடது பக்கம் நின்ற உங்களைக் காட்டினேன். அதே நேரத்தில் நீங்கள் என்னைக் காட்டினீர்கள். மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாவி நன்றாகத் தெரிகிற முன்வரிசையில் ரோசுவுக்கு இடம் காட்டினார்.

உங்கள் பேத்தி ரோசு இப்போது கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் படிப்பிக்கிறாள், சம்பந்தியம்மா. எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவளைப் பார்க்க வருகிற தாய்மார் இந்த ஸ்டாண்டைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்பார்கள். என் கை தானாக இடது பக்கம் நீளுகிறது. நீங்கள் கண் மூடிய பிறகு அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தும் நான் உடனே கையை இறக்குவதில்லை. உங்கள் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் இறக்குகிறேன்.