முழு விலாசமும் தேவையில்ல

கண்டி
12.06.2007

அன்புள்ள அப்பாவுக்கு, யோகராஜ் எழுதுறேன். நான் நல்ல சுகம். உங்க முழங்கால் வலி எப்பிடி இருக்கு? அம்மா தைலம் தேச்சு விடுறாங்களா?

நான் ஏ.எல். படிப்பப் பாதியில விட்ட கோவத்துல மூணு மாசமா நீங்க எழுதல. பரவாயில்ல, இதப் படிங்க.

நான் வேல பாக்குற கம்பியூட்டர் கம்பனிக்கு வெளிய ஒரே வெப் விலாசம்தான். யாரு எந்தப் பக்கத்தக் கேட்டாலும், முன்னுக்கு இருக்கிற ப்ரொக்ஸி சேர்வ்லெட்ங்கிற புரோகிராமுக்குத்தான் வரும். அது விலாசத்தப் பாத்து, உள்ள இருக்கிற சரியான கம்பியூட்டர்கிட்ட கேட்டு, பதில வாங்கிக் குடுக்கும். நீங்க புசல்லாவையில தபால் பைய வாங்கி லயம் லயமா, வீடு வீடா குடுத்தீங்களே, அதே வேலைதான்.

போன கிழமை நாங்க செஞ்சு குடுத்த ஒரு ஹோட்டலோட பக்கம் மட்டும் வரவே இல்ல. நான் பாக்கட்டான்னு கேட்டேன். முதலாளி விவேகானந்தன் யாழ்ப்பாணத்தார். "கெம்பஸ் முடிச்ச ரெண்டு பேருக்கே பிடிபடேல்ல, நீர் என்னத்தக் கிழிக்கப் போறீர்?"ன்னாரு.

எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. நீங்க தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்குப் போனா தோட்டத்துப் பேரயா வாசிப்பீங்க? "ஆறாம் லயம், மூக்காயி"ன்னுதானே கத்துவீங்க. அந்த ஹோட்டலுக்கு மட்டும் இந்தப் புரோகிராம் முழு விலாசத்தையும் உள்ள அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. உள்ள இருக்கிற கம்பியூட்டருக்கு அது விளங்கல. தோட்டத்துப் பேர் மாதிரி இருந்த முன்பகுதிய வெட்டினேன், பக்கம் வந்துருச்சு.

"ஓம், வாற முதலாம் திகதியில இருந்து நீர் நிரந்தரம்"னுட்டாரு.

நான் நம்ம ஊர்தான்னு கிராம சேவகர் கடிதம் ஒண்ணு எடுத்து அனுப்புங்க. ரோட்டுல ஆமி செக்கிங்ல கேக்குறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. என் பழைய போர்வையும் அனுப்புங்க. புதுசு வேணாம், அதுதான் வேணும்.

சாப்பாட்டு நேரம் முடியுது, ஓடுறேன். ஏசியாவது ரெண்டு வரி எழுதுங்கப்பா.

உங்க மகன்
யோகராஜ்