அப்பாவின் வலது காலுறை

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம்.

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

"கண்ணுக்கே தெரியாததைப் படிச்சு என்னடி பண்ணப்போற?" என்று கேட்டாயே, மாணவர் ஆராய்ச்சிப் போட்டியில் நுண்ணுயிரியலுக்கான முதல் பரிசு எனக்குத்தான்.

நாள் முழுக்க நடந்து தபால் கொடுக்கும் அப்பாவின் அழுக்குக் காலுறையை ஆராய்ச்சிக்கு அனுப்பச் சொன்னேன். மானம் போய்விடும் என்று நீ அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினாய். ஆய்வகத் தட்டில் பெயருக்குக்கூட ஒரு கிருமியும் வளரவில்லை. "உங்க வீடு என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் பேராசிரியை.

அப்புறம் அப்பா உனக்குத் தெரியாமல் இன்னொரு ஜோடியை அனுப்பினார், அவரைத் திட்டாதே. அதில் இடது காலுறை மூக்கைத் துளைத்தது, வலதில் நாற்றமே இல்லை. ஏனென்று துருவிப் பார்த்தேன். நாற்றக் கிருமியைத் தலையெடுக்கவிடாமல் அடக்கும் வேறொரு கிருமி வலதில் குடியிருந்தது. நடுவர் இடதை முகர்ந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டே கைகொடுத்தார். இனி அப்பாவின் வலது காலுக்குத் தனி மரியாதை கொடு.

தபால் எடுக்க வண்டி வந்துவிட்டது. ஒரே ஒரு உதவி. இங்கே என் அறையில் எல்லாமே சோப்பு வாசனை. நீ தலைவைத்துப் படுக்கும் தலையணை உறையை அனுப்பிவை. துவைத்துவிடாதே. இது ஆராய்ச்சிக்கு இல்லை.

உன் மகள்