இரண்டாவது கிளாம்ப்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனில் பேச முடியவில்லை என்று நீ கோபித்துக்கொள்வது தெரிகிறது. நான் என்ன செய்ய? சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, எங்கள் வீடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என் பெண்களில் பெரியவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. 'ஹலோ ஹலோ' என்று கத்தியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பௌதிகம் நடத்தினவள் நீ, ஒரு வழி சொல்லேன்.

அப்பாவால் சுவரைப் பிடித்து நாலு அடி நடக்க முடிகிறது. மற்ற நேரம் படுக்கைதான். வாடை தாங்கவில்லை அக்கா. என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். உன்னிடம் பேச வேண்டும் என்று மட்டும் தினமும் கேட்கிறார்.

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

அப்பா கேட்கிறார் என்று படித்ததும் அன்றைக்கே உட்கார்ந்து படம் போட்டேன், இத்துடன் இருக்கிறது. இதற்கு யாகி ஆன்டெனா என்று பெயர். மீன் முள் மாதிரி, ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள். உங்கள் செல்போன் டவரின் அலை நீளம் ஏறக்குறைய முப்பத்து மூன்று சென்டிமீட்டர். பின்கம்பி பதினாறரை. நடுக்கம்பி பதினைந்தரை, அதை நடுவில் வெட்டி அங்கேதான் வீட்டுக்குள் சிக்னல் பூஸ்டருக்குப் போகும் கேபிளை இணைக்க வேண்டும். முன்கம்பிகள் பதினாலரை. குட்டைப் பக்கம் டவரைப் பார்க்கட்டும்.

இரைச்சலான வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் மெதுவாகப் பதில் சொன்னால் நான் காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பேன். கை புதிதாகச் சத்தத்தை உண்டாக்குவதில்லை. முதுகுப் பக்கத்தை மறைத்து, முன்னால் இருப்பவனைக் கேட்கவைக்கிறது. பின்கம்பிதான் அந்தக் கை.

ஒன்றை மறக்காதே. ஆன்டெனாவைத் தாங்கும் குழாயைச் சுவரோடு இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கு. ஒன்று போட்டால் காற்றில் திரும்பிவிடும். டவர் எங்கும் நடந்து போகப்போவதில்லை. ஒரு தடவை சரியாகத் திருப்பி முறுக்கிவிட்டால் பிறகு தொடவே வேண்டாம்.

அப்பாவின் துணியையும் விரிப்பையும் தினமும் மாற்றினால் வாடை இருக்காது. அவரிடம் நான் பேசுவேன் என்று சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கெட்டிக்காரி. செய்து மாட்டிவிட்டேன், சிக்னல் அள்ளிக்கொண்டு வருகிறது. பெரியவள் முகத்தில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்கிறேன். கிளாம்ப் ஒன்றுதான் வீட்டில் கிடந்தது, அதையே போட்டேன். காற்றடித்தால் குழாய் கொஞ்சம் திரும்புகிறது. பரவாயில்லை, திருப்பி வைக்க மேலேயே ஆள் இருக்கிறது.

உன் தம்பி

ஏப்ரல் 13

தம்பிக்கு,

நான் கூப்பிடும்போதெல்லாம் "தூங்குறார் அக்கா" என்கிறாய். காலையிலும் தூக்கம், மாலையிலும் தூக்கமா? கிளாம்பைக் கடையில் வாங்கிப் போட உனக்கு என்ன கேடு? மேலே ஆள் என்றாயே, யார் அது?

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். அப்பாதான். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை இருக்கிறதே, உடைந்த நாற்காலியெல்லாம் போட்டு வைப்போமே, அதை ஒழித்துக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். நல்ல காற்று. வீட்டுக்குள்ளும் வாடை இல்லை, இவள் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

அவருக்கும் பொழுது போகிறது. சிக்னல் போனால் பெரியவள் ஜன்னலில் நின்று, "தாத்தா, கொஞ்சம் வலது பக்கம்" என்பாள்.

"இப்ப வருதா?"

"ஐயோ, தாண்டிட்டீங்க. திரும்ப வாங்க."

"இப்ப வருதா?"

"ஆங், அப்படியே பிடிச்சுக்கோங்க."

அவள் வேலை முடியும் வரை குழாயைப் பிடித்துக்கொண்டே இருப்பார். சம்பளமில்லாத ஆபரேட்டர் என்று கீழே எங்களுக்கு ஒரே சிரிப்பு. போனை மேலே கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். அந்த நாற்றத்துக்குள் யார் போவது, நீயே சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

அப்பா என் வீட்டில் இருக்கிறார். நான் வந்தபோது நீங்கள் யாரும் இல்லை. வெளிப்படி வழியாக மாடிக்கு ஏறினேன், சாவியும் தேவைப்படவில்லை. அவர் இருந்த இடத்துக்குத்தான் கதவே கிடையாதே.

கொட்டகைக்குள் குனிந்து நுழைந்ததும் எனக்குக் குமட்டியது. அப்பாவின் வாடையால் இல்லை. போர்வையெல்லாம் புறா எச்சம். சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது, அதிலும் எச்சம். படுத்தபடியே திருப்பட்டும் என்று கூரையைத் துளைத்துக் குழாயை அவர் தலைமாட்டில் இறக்கியிருக்கிறாய். ஓட்டை வழியாக மழை ஒழுகித் தலையணை ஊறி நாறிக் கிடந்தது. அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் துரு. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ரேகைக்குள் இருப்பது போகவில்லை.

ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தேன். ஒரு கம்பியும் அளவு பிசகவில்லை. அவ்வளவு கருத்தாகச் செய்திருக்கிறாய். அந்தக் கவனத்தைப் பார்த்துத்தான் அருவருப்பு இன்னும் கூடியது. அந்தப் படத்தை என் கையால் வரைந்தேனே என்று கையைக்கூடக் கழுவத் தோன்றியது. ஒரு கிளாம்ப் வாங்கச் சோம்பிக்கொண்டு, அந்த இடத்தில் அப்பாவை மாட்டினாயே.

கிளம்பும் முன் கடையில் ஒன்று வாங்கி வந்து நானே முறுக்கிவிட்டேன். இனி திரும்பாது, உங்களுக்குச் சிக்னல் நன்றாக வரும். அதில் என்னைக் கூப்பிடாதே.

நேற்று மாலை தெருவில் யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த அப்பா திடுக்கிட்டு விழித்து, இரண்டு கையையும் தலைமாட்டுப் பக்கம் நீட்டிக் காற்றில் துழாவினார்.

"இப்ப வருதா?" என்றார்.

"வருதுப்பா. நல்லா வருது. கையைக் கீழ விடுங்க."

அப்பாவின் மகள்